நீர்க்கொடை

உணவின்றிச் சில நாள் உயிர் வாழ்தல் கூடும். நீரின்றி வாழ்தல் அரிது. இதனை நன்குணர்ந்த நம் முன்னோர் ஊர்தோறும் குளம் தோண்டினர், கேணி அகழ்ந்தனர், வழிச்செல்வோர் களைப்பு நீங்கத் தண்ணீர்ப் பந்தல் அமைத்தனர். நீர் வழங்குதலை அவர்கள் பேரறமாகப் போற்றினர். எனினும், அவ்வறம் பெரும்பாலும் தத்தம் ஊரையும் நாட்டையும் சார்ந்தே நிகழ்ந்தது. இக்காலத்திலோ, மொழியும் முகமும் அறியாத மக்களுக்காகக் கடல் கடந்து சென்று நீர் வழங்கும் பொறியாளர் உளர். ஊதியம் கருதாது, தம் விடுமுறை நாட்களையும் கல்வியையும் அத்தொண்டுக்கு ஈந்து உழைப்பவர் அவர். அவர்தம் பணி எவ்வாறு தொடங்கியது, எவ்வாறு நடைபெறுகிறது, அதில் நேர்ந்த பிழைகள் எவை, அப்பிழைகள் கற்பித்த பாடம் யாது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

உலக நலவாழ்வு நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும் சேர்ந்து எடுத்த கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 220 கோடி மக்கள், பாதுகாப்பான முறையில் வழங்கப்படும் குடிநீர் இன்றி வாழ்ந்தனர். அவருள் சிலருக்கு நீர் அருகில் உண்டு. ஆனால் அது தூயதன்று. சிலருக்குத் தூய நீர் உண்டு; ஆனால் அது தொலைவில் உள்ளது. இரண்டும் இல்லாதோரும் உளர். தூய்மையற்ற நீரால் வயிற்றுப்போக்கும் வாந்திபேதியும் குடற்காய்ச்சலும் பரவுகின்றன. தொலைவில் உள்ள நீரால் வேறொரு துன்பம் விளைகிறது. பதினைந்து லிட்டர் கொள்ளும் குடத்து நீரின் எடை பதினைந்து கிலோகிராம் ஆகும். அச்சுமையை நாள்தோறும் பன்முறை சுமப்பவர் பெரும்பாலும் பெண்களும் சிறுமியருமே ஆவர். நீர் சுமக்கும் சிறுமி ஏடு சுமக்க நேரம் ஏது? ஆகவே, குடிநீர் இல்லாமை உடல்நலத்தை மட்டுமன்றிக் கல்வியையும் கெடுக்கும் குறையாகும்.

நடு அமெரிக்காவில் பெலீசு என்னும் சிறிய நாடு ஒன்று உண்டு. அங்கே சான் பாப்லோ என்பது மாயன் இன மக்கள் வாழும் ஒரு சிற்றூர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், போல்டர் நகரிலுள்ள கொலராடோப் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியற் பேராசிரியராக இருந்தவர் பெர்னார்டு அமாதே என்பவர். பிரான்சு நாட்டிற் பிறந்த அவர், 2000ஆம் ஆண்டில் பெலீசு நாட்டு வேளாண்மைத் துறை சார்ந்த ஒருவரின் அழைப்பை ஏற்று அவ்வூருக்குச் சென்றார். ஏறத்தாழ 250 பேர் வாழ்ந்த அவ்வூரில் மின்சாரம் இல்லை; குழாய்நீர் இல்லை; கழிவுநீர் வசதியும் இல்லை. ஆற்றிலிருந்து நீர் சுமந்து வருதலே சிறுமியரின் அன்றாட வேலையாக இருந்தது. அதனால் அவர்கள் பள்ளிக்குச் செல்லவில்லை. இக்காட்சி அமாதேயின் உள்ளத்தை வருத்தியது. பாறைகளின் இயல்பை ஆராய்ந்து நூலெழுதும் அறிவு, இவ்வூர்ச் சிறுமியின் தலைச்சுமையை இறக்க உதவவில்லையாயின் அவ்வறிவால் ஆய பயன் என்ன என்னும் எண்ணம் எவர்க்கும் எழும் இடம் அது.

அவர் வருந்தியதோடு அமையவில்லை. 2001ஆம் ஆண்டு மே மாதத்தில் தம் மாணவர் எண்மரை அழைத்துக்கொண்டு மீண்டும் அவ்வூர் சென்றார். ஊராரும் மாணவரும் ஒன்றுகூடி உழைத்தனர். எண்ணெயோ மின்சாரமோ வேண்டாது, அருகிலிருந்த அருவியின் விசையைக் கொண்டே நீரை ஊருக்குக் கொணரும் அமைப்பு ஒன்றை நிறுவினர். இவ்வொரு முயற்சியே பெருமுயற்சிக்கு வித்தாயிற்று. அடுத்த ஆண்டாகிய 2002இல், ‘எல்லைகளற்ற பொறியாளர்’ என்னும் பொருளுடைய பெயரோடு ஓர் அமைப்பு அமெரிக்காவில் தோன்றியது. இதே பொருளுடைய பெயரில் பிரான்சு நாட்டில் 1982ஆம் ஆண்டிலேயே ஓர் அமைப்பு எழுந்திருந்தது. கனடா நாட்டில் 2000ஆம் ஆண்டில் மற்றொன்று தோன்றியது. இன்று பல நாடுகளில் இத்தகைய அமைப்புகள் உள்ளன. பொறியியல் பயிலும் மாணவரும், தொழிலில் பழுத்த முதியோரும் அவற்றில் தொண்டராகச் சேர்ந்துள்ளனர்.

ஓடும் நீர் தன்னைத் தானே மேலேற்றுமோ என மாணவர் வியத்தல் கூடும். அவ்வாறு ஏற்றும் கருவிகளுள் ஒன்று இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அறியப்பட்டது. வெப்பக் காற்றால் எழும் பலூனை 1783இல் உலகுக்குக் காட்டிய மான்கோல்பியர் உடன்பிறந்தாருள் மூத்தவர், 1796ஆம் ஆண்டில் அக்கருவியைத் தாமே இயங்குமாறு அமைத்தார். ஆங்கிலத்தில் அதற்கு ராம் பம்பு என்பது பெயர். ராம் என்பது ஆட்டுக்கடாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். ஆட்டுக்கடா பின்வாங்கி ஓடிவந்து முட்டுவதுபோல் நீர் முட்டுதலால் அப்பெயர் வந்தது. பண்டைத் தமிழர் ஆட்டுக்கடாவைத் தகர் என்றனர். ஆதலின் நாம் இதனை நீர்த்தகர் எனலாம்.

விரைந்து ஓடும் குழாய்நீரைத் திடுமென அடைத்தால் குழாய் அதிர்ந்து ‘டக்’ என ஒலிப்பதைக் கேட்டிருப்பீர்கள். ஓடிவந்த நீர் நிற்க இடமின்றி மோதுவதால் எழும் ஒலி அது. நீர்த்தகர் இம்மோதலைப் பயன்படுத்துகிறது. ஓடை நீர் சரிவான குழாய் வழியே கீழிறங்கி, திறந்துள்ள ஓர் அடைப்பான் வழியாக வெளியே வழிகிறது. நீரின் விரைவு மிகமிக, அவ்விசையே அடைப்பானைத் தள்ளி மூடிவிடுகிறது. அப்பொழுது நீர் மோதுகிறது. மோதிய வேகத்தில் இரண்டாம் அடைப்பான் திறக்க, சிறிதளவு நீர் காற்றடைத்த கலம் ஒன்றனுள் புகுகிறது. அக்கலத்திலுள்ள காற்று அழுந்தி, மீண்டும் விரிந்து, நீரை மேட்டுக் குழாயில் ஏற்றுகிறது. விசை தணிந்ததும் முதல் அடைப்பான் தானே திறக்கிறது. மீண்டும் அதே செயல் நிகழ்கிறது. இவ்வாறு இரவும் பகலும் ஓயாது நடைபெறும். அசையும் உறுப்புகள் இவ்விரண்டு அடைப்பான்களே.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. பெரும்பங்கு நீர் கீழே வழிந்தோடுவதால்தான் சிறுபங்கு மேலே ஏறுகிறது. இரண்டு மீட்டர் இறங்கிவரும் நீரைக் கொண்டு இருபது மீட்டர் உயரத்துக்கு ஏற்ற விரும்பினால், நூறு லிட்டர் ஓடும்போது ஏறத்தாழ ஆறு லிட்டரே மேலே சேரும். ஆயினும், அது குறைவன்று. கணக்கிட்டுப் பாருங்கள். ஊரில் 250 பேர் உளர். ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் நீர் வேண்டும் எனக் கொள்வோம். ஊருக்கு ஒரு நாளைக்கு வேண்டுவது 12,500 லிட்டர். ஒரு நாளைக்கு 1,440 நிமிடங்கள். ஆகவே, நிமிடத்துக்கு ஒன்பது லிட்டருக்கும் குறைவான நீர் இடையறாது வந்தால் போதும். பதினைந்து லிட்டர்க் குடம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் நிமிடத்தில் நிறையும் ஒழுக்கே அது. ஆனால் மக்கள் நள்ளிரவில் நீர் முகப்பதில்லை. காலையிலும் மாலையிலுமே முகப்பர். எனவே இரவில் வரும் நீரைத் தேக்கிவைக்கத் தொட்டி வேண்டும். கோடையில் ஓடை சுருங்குமோ என்பதையும் காணவேண்டும். ஒரு வாளியும் ஒரு கடிகாரமும் கொண்டு ஒழுக்கை அளத்தலே இத்தகைய திட்டத்தின் முதற்படியாகும்.

ஆனால், அளத்தலும் கணக்கிடுதலும் மட்டுமே போதுமோ? போதா என்பதைத் துன்பந்தரும் நிகழ்ச்சிகள் சில காட்டின. அவற்றுள் இரண்டைக் கூறுவோம்.

முதலாவது இந்தியாவில் நிகழ்ந்தது. 1960களின் பிற்பகுதியில் வறட்சி வாட்டியபோது, வெளிநாட்டு உதவியோடு கடும்பாறை நிலங்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் பல தோண்டப்பெற்றன. அவற்றின்மேல் வார்ப்பிரும்புக் கைப்பம்புகள் பொருத்தப்பெற்றன. மேலைநாட்டில் ஒரு குடும்பத்தின் தேவைக்கென உருவான பம்புகளின் வடிவமே அவற்றின் வடிவம். நாளுக்குச் சில முறை அசைத்தற்கு அமைந்த அக்கைப்பிடியை, இங்கே ஊர்மக்கள் அனைவரும் விடியல் முதல் இருள் வரை அசைத்தனர். சில திங்களில் பம்புகள் முறிந்தன. 1970களில் ஆராய்ந்தபோது அவற்றுள் பெரும்பாலானவை பழுதுற்றுக் கிடந்தன. கிணறு உண்டு, கிணற்றில் நீர் உண்டு, எடுக்க வழியில்லை என்னும் நிலை ஏற்பட்டது. வடிவமைத்தோர் பம்பை அறிந்திருந்தனர்; அதனை அசைக்கும் ஊரை அறியவில்லை.

இக்குறையைத் தீர்த்த வழியும் ஊர்ப் பட்டறைகளின் பட்டறிவிலிருந்தே பிறந்தது. சோலாப்பூரில் எஃகினால் செய்த உறுதியான பம்பு ஒன்று வழக்கில் இருந்தது. அதனை அடிப்படையாகக் கொண்டு, குழந்தைகள் நிதியத்தின் துணையோடு புதிய பம்பு உருவாயிற்று. கோயம்புத்தூர்ப் பகுதிக் கிணறுகளில் அது சோதிக்கப்பெற்றது. சென்னையிலிருந்த ஒரு தொழிற்சாலை அதனைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. ‘இந்தியா மார்க் இரண்டு’ என்னும் அப்பம்பு பின்னர் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கும் சென்றது. பெறுவோர் நாடே பின்னர் வழங்குவோர் நாடாயிற்று என்பது எண்ணி மகிழ்தற்குரியது.

இரண்டாவது நிகழ்ச்சி இன்னும் கொடியது. வங்காளதேச மக்கள் குளத்து நீரையும் ஆற்று நீரையும் பருகி வாந்திபேதிக்கு இரையாயினர். அவரைக் காத்தற்பொருட்டு 1970கள் முதல் குழாய்க் கிணறுகள் ஏராளமாக இறக்கப்பெற்றன. அயல்நாட்டு உதவியும் அரசின் முயற்சியும் அதற்குத் துணைநின்றன. நீர் தெளிவாக இருந்தது, நோய்க்கிருமி இல்லை, மக்கள் விரும்பிப் பருகினர், பின்னர்த் தாமே தம் பொருளைச் செலவிட்டு இலட்சக்கணக்கான கிணறுகளை இறக்கினர். ஆனால், இமயத்திலிருந்து ஆறுகள் கொணர்ந்து படிவித்த மண்ணில் ஆர்சனிக் என்னும் நஞ்சு இயற்கையாகவே கலந்திருந்தது. அந்நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. பருகியவுடன் தீங்கும் தோன்றுவதில்லை. ஆண்டுகள் பல கடந்த பின்னரே தோலில் புள்ளிகள் தோன்றும்; உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துக் காய்க்கும்; புற்றுநோயும் வருதல் கூடும். குடிநீர்ச் சோதனையில் ஆர்சனிக்கைத் தேடும் வழக்கம் அந்நாளில் அங்கு இல்லை. 1993ஆம் ஆண்டில்தான் அந்நாட்டுக் கிணற்று நீரில் அந்நஞ்சு இருப்பது உறுதியாயிற்று. வரலாறு கண்டவற்றுள் மிகப் பெரிய நஞ்சேற்றம் இதுவே என 2000ஆம் ஆண்டில் அறிஞர் எழுதினர்.

கிணறு இறக்கியோர் உள்ளம் தூயது. அவர்கள் கொண்ட நோக்கம் உயர்ந்தது. ஆயினும் நீரை முழுதும் சோதியாமையால் பெருந்துன்பம் விளைந்தது. அன்பு மட்டும் உடைய கொடை குறையுடைய கொடையே. ஆராய்ச்சியும் அதனோடு கூடவேண்டும். பின்னர், ஏறத்தாழ 50 இலட்சம் கிணறுகளின் நீரைத் தொண்டர்களும் பணியாளர்களும் ஊர் ஊராகச் சென்று சோதித்தனர். நஞ்சுடைய கிணற்றின் வாய்க்குச் சிவப்பு வண்ணமும், நஞ்சில்லாத கிணற்றுக்குப் பச்சை வண்ணமும் பூசினர். எழுத்தறியாதவரும் கண்டவுடன் அறிதற்குரிய எளிய முறை அது. பல இடங்களில் 150 மீட்டருக்கும் கீழுள்ள நீர் நஞ்சற்றதாக இருத்தலும் கண்டறியப்பெற்றது. ஆயினும் அத்துயர் முற்றும் நீங்கவில்லை.

பிழை நேர்தல் மாந்தர்க்கு இயல்பு. அதனை மறைத்தலே பெரும்பிழை. கனடா நாட்டு எல்லைகளற்ற பொறியாளர் அமைப்பினர் இவ்வுண்மையை உணர்ந்து அரிய செயல் ஒன்று செய்தனர். 2008ஆம் ஆண்டு முதல், தாம் தவறிய இடங்களைத் தாமே எழுதித் ‘தோல்வி அறிக்கை’ என்னும் பெயரால் வெளியிட்டனர். பொருளுதவி செய்வோர் முன் தம் வெற்றிகளையே எடுத்துரைத்தல் உலக வழக்கம். அவ்வழக்கத்தை விடுத்து, இன்னது செய்தோம், இன்ன காரணத்தால் அது பயன்படவில்லை என்று வெளிப்படையாக எழுதுதற்குப் பெருந்துணிவு வேண்டும். ஒருவர் குழியில் விழுந்து எழுந்தபின் அவ்விடத்தில் விளக்கேற்றி வைத்தால், பின்வருவோர் விழாது செல்வர் அன்றோ?

இப்பட்டறிவால் இன்று தொண்டுப் பொறியாளர் சில நெறிகளை வகுத்துக்கொண்டுள்ளனர். முதலாவது, ஊரார் அழைத்தாலன்றிச் செல்லாமை. இரண்டாவது, சென்றவுடன் கட்டத் தொடங்காமை. முதற்பயணம் கேட்டற்கும் அளத்தற்குமே உரியது. நீர் எங்கிருந்து வருகிறது, கோடையில் எவ்வளவு, அதில் கலந்துள்ளவை யாவை, நிலம் யாருக்கு உரியது, நீர் சுமப்பவர் யாவர் என்பவற்றை அவர்கள் அறிகின்றனர். நீர் சுமக்கும் பெண்களைக் கேளாது ஆடவரை மட்டும் கேட்டு வகுத்த திட்டம் தவறுதல் எளிது. மூன்றாவது, அவ்வூர்க் கடைத்தெருவில் கிடைக்கும் பொருள்களையே பயன்படுத்துதல். கடல் கடந்து வந்த ஒரு தோல் வளையம் தேய்ந்தால், அது மீண்டும் கடல் கடந்து வரும்வரை ஊர் தாகத்தோடு காத்திருக்கவேண்டுமே! நான்காவது, ஊரார் தமக்குள் ஒரு நீர்க்குழு அமைத்து, குடும்பந்தோறும் சிறுதொகை சேர்த்து, பழுதுபார்க்கச் சிலரைப் பயிற்றுதல். ஐந்தாவது, ஓர் ஊரைக் கைக்கொண்டால் ஒருமுறை சென்று மீளாது, பல ஆண்டுகள் தொடர்ந்து துணைநிற்றல். அமெரிக்க அமைப்பினர் ஓர் ஊரோடு ஐந்தாண்டுத் தொடர்பேனும் வேண்டும் என விதித்துள்ளனர்.

இத்தொண்டினைக் குறைகூறுவாரும் உளர். மாணவர் பலர் வானூர்தியேறிச் சென்று மீளும் செலவைக் கொண்டு அந்நாட்டுப் பொறியாளரையே அமர்த்தலாமே என்பது அவர் வினா. அவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. மண் சுமக்கவும் செங்கல் அடுக்கவும் அயல்நாட்டு மாணவர் வேண்டா; அவ்வூரார் அதனை நன்கு செய்வர். இவ்வினாவுக்கு விடை காணும் பொருட்டே, அந்தந்த நாட்டுப் பொறியாளரோடு சேர்ந்து பணிசெய்தலும், பின்னர் அவரிடமே பொறுப்பை ஒப்படைத்தலும் சிறந்த முறை எனக் கொள்ளப்படுகின்றன. தொண்டுசெய்யச் சென்ற மாணவரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. நூலில் கற்ற கணக்கு ஒரு சிறுமியின் தலைச்சுமையோடு தொடர்புடையது என்பதை அவர்கள் கண்கூடாக அறிகின்றனர். தாம் கற்பிக்கச் சென்ற ஊரில் தாமே கற்றுத் திரும்புகின்றனர்.

இவற்றால் பெறப்படுவது யாது? குழாயில் நீர் வந்த நாளில் நீர்க்கொடை நிறைவுறுவதில்லை. மாலை சூட்டிப் படம் எடுத்துக்கொண்டு வந்தவர் திரும்பிய பின்னரும் அந்நீர் வருதல் வேண்டும். அடைப்பான் தேய்ந்தால் ஊரார் ஒருவரே மாற்றுதல் வேண்டும். தொட்டி மாசுற்றால் ஊராரே கழுவுதல் வேண்டும். நீரின் தூய்மையை ஆண்டுதோறும் அவர்களே சோதிப்பித்தல் வேண்டும். அந்நிலை வந்த அன்றுதான் கொடுத்தவர் பணி முற்றுப்பெறும். கொடுத்தவரையே என்றும் எதிர்நோக்கி நிற்கச் செய்வது கொடையாகாது. கொடுத்தவர் இல்லாமலும் நிலைபெறுவதே கொடையாகும்.

கல்வி கற்கும் மாணவர் எதிர்காலத்தில் பொறியாளராகலாம், மருத்துவராகலாம், ஆசிரியராகலாம், அயலூருக்கோ அயல்நாட்டுக்கோ உதவச் செல்லலாம். எங்குச் செல்லினும், கொடுக்கும் கையை நீட்டுதற்கு முன் கேட்கும் செவியைத் திறத்தல் வேண்டும். தம் அறிவால் இயன்றதைச் செய்தலும், தவறியதை மறையாது உரைத்தலும், பெறுவோரைத் தமக்கு நிகராக மதித்தலும் உடையவரே உண்மைத் தொண்டர். அத்தகையோர் அமைத்த ஊரில், அவர்தம் பெயரை அறியாத சிறுமி ஒருத்தி குழாயடியில் ஒரு நொடியில் குவளை நிரப்பிப் பருகிவிட்டுப் பள்ளிக்கு ஓடுவாள். அவள் பெயரறியாது பருகும் அந்நீரே அவருக்கு உரிய புகழாகும்.